ததீசியின் வழியில் ஒரு சங்கல்பம்

விருத்திராசுரனுடன் போரிட்ட தேவர்கள் தங்கள் ஆயுதங்கள் அனைத்தையும் இழந்து நின்றனர். எறிந்த படைக்கலங்களை எல்லாம் அவன் விழுங்கிவிட்டான். திகைத்துப்போன அவர்கள் திருமாலைச் சரணடைந்தனர். ததீசி முனிவரிடம் சென்று அவருடைய உடலை யாசிக்கும்படியும், தவத்தால் உறுதி பெற்ற அந்த எலும்புகளைக் கொண்டு ஆயுதம் செய்யும்படியும் திருமால் வழிகாட்டினார். ஒரு மனிதரிடம் சென்று அவருடைய எலும்பைக் கேட்பது எப்படி? தேவர்கள் தயங்கித் தயங்கியே ஆசிரமத்திற்குச் சென்றனர்.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாவது ஸ்கந்தம் இந்த இடத்தில் ஒரு நுட்பமான செய்தியைச் சொல்கிறது. ததீசி உடனே ‘தந்தேன்’ என்று கூறிவிடவில்லை. உயிர்களுக்கு உடலைவிட இனியது எதுவுமில்லை, மரண வேதனையோ தாங்கவொண்ணாதது, இதையறிந்த எவன்தான் உடலைத் தருவான் என்று புன்னகையுடன் கேட்டார். கருணையுள்ளவர்களுக்குக் கொடுக்கவியலாதது எதுவுமில்லை என்று தேவர்கள் பணிவுடன் கூறினர். தர்மத்தை அவர்கள் வாயால் கேட்கவே அப்படிப் பேசியதாகச் சொல்லி, என்றோ ஒருநாள் தம்மைவிட்டு நீங்கப்போகும் உடலை அப்போதே துறந்தார் முனிவர். அவருடைய எலும்புகளிலிருந்து விசுவகர்மா வஜ்ராயுதத்தைச் செய்தார்.

முனிவர் விளையாட்டாகக் கேட்ட கேள்வி சாதாரண மனிதனின் உண்மையான கேள்வியாகும். தன் உடலின்மீது அன்பும், வலியைக் கண்டு அச்சமும் இல்லாதவர் யார்? இந்த அச்சத்தைச் சாஸ்திரம் இகழவில்லை. அதைக் கேட்கிறது, விடை சொல்கிறது, பிறகு கடந்துசெல்லக் கற்பிக்கிறது.

திருவள்ளுவரும் அன்புடைமை அதிகாரத்தில் இதே செய்தியைக் கூறினார். அன்பில்லாதவர் எல்லாப் பொருளையும் தமக்கே உரிமையாக்கிக் கொள்வர். அன்புடையவரோ தம் எலும்பையும் பிறருக்கு உரியதாக எண்ணுவர் என்பது அவர் கருத்து. அந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், புறாவைக் காக்கத் துலாக்கோலில் தானே ஏறிய சிபிச் சக்கரவர்த்தியை எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறார். நெடுங்காலமாக எலும்பைக் கொடுத்தல் என்பது தியாகத்தின் எல்லையைக் குறிக்கும் சொல்லாக மட்டுமே இருந்தது. இன்று அது பதினெட்டு வயது நிறைந்த ஆரோக்கியமான எவரும் மேற்கொள்ளக்கூடிய செயலாகியிருக்கிறது. ததீசி உடலைத் துறந்து கொடுத்தார். இன்று எலும்பு மஜ்ஜையைத் தானம் செய்பவர், தானம் முடிந்து தம் வீட்டிற்குத் திரும்பி வழக்கம்போல் வாழ்கிறார்.

எலும்பினுள் நடக்கும் வேள்வி

எலும்பு உயிரற்ற கல் போன்றது அன்று. அதனுள்ளே மென்மையான மஜ்ஜை இருக்கிறது. இரத்தத்தின் எல்லா அணுக்களுக்கும் தாயான குருத்தணுக்கள் அங்கேதான் வாழ்கின்றன. ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் அங்கிருந்து புதிதாகப் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 120 நாட்கள் உழைத்து மடிகிறது. மனிதன் உறங்கும்போதும் உண்ணும்போதும், அவன் அறியாமலே இந்த வேள்வி இடைவிடாது நடந்துகொண்டிருக்கிறது. தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் மஜ்ஜையின் இயல்பு.

இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை வறண்டுபோகும் கடும் இரத்தசோகை முதலிய நோய்களில் இந்த ஊற்று கலங்கிவிடுகிறது அல்லது வற்றிவிடுகிறது. அவர்களில் பலருக்கு, வேறொருவரின் ஆரோக்கியமான குருத்தணுக்களைச் செலுத்துவதே குணமாவதற்குரிய வழியாக இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் இந்தச் சிகிச்சையை 1950-களிலிருந்து வளர்த்தெடுத்தார். அதற்காக 1990-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தியாவில் 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது.

நீலசந்திராவில் இரண்டு வீடுகள்

பெங்களூரில் விவேக்நகருக்கும் ஆஸ்டின் டவுனுக்கும் அருகே இருக்கிறது நீலசந்திரா. நெருக்கமான தெருக்கள், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வீடுகள். தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே சந்தில் ஒலிக்கும் பகுதி அது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். சில கிலோமீட்டர் தொலைவில், 1973-இல் தொடங்கப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து மட்டுமன்றி, தமிழகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வந்து காத்திருக்கிறார்கள்.

இந்த நீலசந்திராவில் ஒரு வீட்டை மனத்தில் கொள்ளலாம். ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்தினால் ஒருமுறை அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. மஜ்ஜை மாற்றுவதே வழி என்று மருத்துவர் கூறிவிட்டார். “என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தாய் முதலில் கையை நீட்டுவாள். அங்கேதான் இயற்கை ஒரு தடையை வைத்திருக்கிறது.

மஜ்ஜை பொருந்துவதற்கு இரத்த வகை ஒன்றாக இருந்தால் போதாது. அணுக்களின் மேலுள்ள ஹெச்.எல்.ஏ. என்னும் அடையாளங்கள் பொருந்த வேண்டும். தன்னவர் யார், அயலார் யார் என்பதை உடல் இவற்றைக் கொண்டே அறிகிறது. இவற்றில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருவதால், பெற்றோர் பெரும்பாலும் பாதியளவே பொருந்துகிறார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இக்காலத்தில் பாதிப் பொருத்தம் உள்ளவரிடமிருந்தும் மஜ்ஜை மாற்றுகிறார்கள் என்றாலும், அது எல்லா நோயாளிகளுக்கும் ஏற்றதாக அமைவதில்லை. வீட்டிற்குள் பொருத்தம் கிடைக்காதபோது, முன்பின் அறியாத ஒருவரையே நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவர் எங்கே இருப்பார்? ஹெச்.எல்.ஏ. அடையாளங்கள் முன்னோர் வழியாக வருபவை. ஆகவே இந்தியர் ஒருவருக்கு இந்திய வம்சாவளியினரிடமே பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம். நீலசந்திராச் சிறுவனுக்கு உரியவர் தர்மபுரியிலோ சேலத்திலோ இருக்கலாம். கடல் கடந்து மலேசியாவில் குடியேறியவரின் பேரனாகவும் இருக்கலாம். அடுத்த தெருவிலேயே இருக்கலாம். அவர் நெற்றியில் திருநீறு இருக்கலாம், கழுத்தில் சிலுவை இருக்கலாம், ஐந்து வேளை தொழுபவராகவும் இருக்கலாம். மஜ்ஜை வழிபாட்டை அறியாது. பிறப்பால் வந்த ஏதோ ஓர் ஆழ்ந்த உறவை மட்டுமே அது அறியும்.

இரண்டாவது வீட்டைப் பற்றிப் பின்னர் காணலாம்.

நிழலைக் காணாமல் மரம் நட்டவர்கள்

அறியாதவருக்கு மஜ்ஜை தரலாம் என்ற துணிவு உலகில் எளிதில் பிறந்துவிடவில்லை. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அன்றைய யூகோஸ்லாவியாவின் வின்சா என்ற ஊரிலுள்ள அணு ஆய்வுக்கூடத்தில் ஏற்பட்ட விபத்தில் ஆறு பேர் கடுங்கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பாரிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்களில் ஐவருக்கு, மருத்துவர் ஜார்ஜ் மாத்தே மஜ்ஜை செலுத்தினார். அதைத் தந்தவர்கள் பிரான்ஸ் நாட்டினர். பெற்றவர்களின் மொழிகூட அவர்களுக்குத் தெரியாது. இத்தகைய தானத்திற்கு முன்னுதாரணமும் இல்லை. அந்த ஐவரில் ஒருவர் இறந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

ஆன்டனி நோலன் என்ற சிறுவன், பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றலைப் பாதிக்கும் அரிய நோயுடன் பிறந்தான். அவனுக்குப் பொருந்தும் மஜ்ஜையைத் தேட, அவனுடைய தாய் ஷெர்லி நோலன் 1974-இல் இங்கிலாந்தில் தன்னார்வக் கொடையாளிகளின் பதிவேட்டைத் தொடங்கினார். உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது. ஆன்டனிக்குப் பொருத்தமானவர் கடைசிவரை கிடைக்கவில்லை. 1979-இல் அவன் மறைந்தான். மகன் போனபின் பதிவேடு எதற்கு என்று அந்தத் தாய் அதை மூடிவிடவில்லை. பிற தாய்மாரின் பிள்ளைகளுக்காக அந்தப் பணி தொடர்ந்தது. இன்றும் அவன் பெயராலேயே நடைபெறுகிறது.

1991-இல் ஜெர்மனியில் பீட்டர் ஹார்ஃப் என்பவர், இரத்தப் புற்றுநோயுற்ற தம் மனைவி மெக்டில்டின் பொருட்டு டி.கே.எம்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினார். மனைவி அதே ஆண்டில் காலமானார். பணி நிற்கவில்லை. பின்னாளில் அந்த அமைப்பே, 1984 முதல் இரத்ததானப் பணி செய்துவரும் பெங்களூர் மெடிக்கல் சர்வீசஸ் டிரஸ்டுடன் கைகோத்து, பெங்களூரிலேயே கொடையாளிகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. சென்னையில் 2009-இல் தோன்றிய ‘தாத்ரி’ பதிவேடு 5 லட்சத்திற்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்திருக்கிறது. தாத்ரி என்ற வடசொல்லுக்கே ‘கொடுப்பவள்’ என்று பொருள்.

உலகப் பதிவேடுகள் அனைத்திலும் 4 கோடிக்கும் மேற்பட்ட கொடையாளிகள் இருக்கின்றனர். அவர்களில் நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் பாரதத்தின் பங்கு மிகச் சிறியது. ததீசியையும் சிபியையும் பூசிக்கும் நாட்டின் பிள்ளைகளுக்கே பொருத்தமானவர் கிடைப்பது அரிதாக இருக்கிறது என்பது சிந்திக்க வேண்டிய செய்தி.

அச்சமும் விளக்கமும்

பதிவு செய்வது மிக எளிது. பொதுவாக 18 முதல் 50 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்கள் பதிவு செய்யலாம். சில பதிவேடுகள் 55 வயது வரை ஏற்கின்றன. ஒரு படிவத்தில் கையொப்பமிட்டு, பஞ்சு சுற்றிய சிறு குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிக் கொடுத்தால் போதும். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. அந்த மாதிரியிலிருந்து ஹெச்.எல்.ஏ. அடையாளங்களைக் கண்டு பதிவேட்டில் சேர்ப்பார்கள்.

பொருத்தம் நேர்ந்து அழைப்பு வந்தால், முழு உடற்பரிசோதனை நடைபெறும். பிறகு பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகவே குருத்தணுக்கள் பெறப்படுகின்றன. அவை மஜ்ஜையிலிருந்து இரத்தத்திற்குப் பெருகி வரும்படி ஐந்து நாட்கள் ஊசிமருந்து செலுத்தப்படும். அதன்பின் ஒரு கையிலிருந்து வரும் இரத்தம் கருவியின் வழியே சென்று, குருத்தணுக்கள் மட்டும் பிரிக்கப்பட்டு, மறு கை வழியாக உடலுக்கே திரும்பும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். அந்த நாட்களில் எலும்புகளில் வலியும் தலைவலியும் காய்ச்சல் போன்ற அசதியும் தோன்றலாம்; தானம் முடிந்தபின் பொதுவாகச் சில நாட்களில் அவை நீங்கிவிடும். சில வேளைகளில் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுப்பதுண்டு. அப்போது இடுப்பில் சில நாட்கள் வலி இருக்கும்.

முதுகுத்தண்டிலிருந்து எடுப்பார்கள், கைகால் விளங்காமல் போகும் என்ற அச்சம் மக்களிடையே பரவலாக உள்ளது. இது தவறான எண்ணம். முதுகுத்தண்டின் நரம்பு வேறு, எலும்பு மஜ்ஜை வேறு. முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. கொடுத்த அணுக்களைச் சில வாரங்களில் உடல் மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. இறைக்க இறைக்க ஊறும் கிணறு போன்றது அது. மருத்துவச் செலவை நோயாளியின் தரப்பு ஏற்பதால் கொடையாளிக்குச் செலவில்லை. ஊதியமும் இல்லை. விலை பேசப்படாததாலேயே அது தானம் என்ற பெயருக்கு உரியதாகிறது.

மகாபலியின் உறுதி

இனி இரண்டாவது வீடு. அதே நீலசந்திராவில், இன்னொரு தெருவில், இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் இருப்பதாகக் கொள்ளலாம். கல்லூரியில் நடந்த முகாமில் நண்பர்களுடன் சேர்ந்து அவனும் பதிவு செய்திருந்தான். மூன்று ஆண்டுகள் கழித்துத் தொலைபேசி ஒலிக்கிறது. யாரோ ஒரு நோயாளிக்கு அவனுடைய மஜ்ஜை பொருந்துகிறது. அவன் மகிழ்ச்சியுடன் தாயிடம் சொல்கிறான். தாய் நடுங்குகிறாள். “ஊரில் வேறு பிள்ளைகளே இல்லையா? உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?” என்று அழுகிறாள். இரவெல்லாம் மாரியம்மன் படத்தின் முன் அமர்ந்து, மகனின் மனம் மாற வேண்டும் என்று வேண்டுகிறாள்.

அதே இரவில் முதல் வீட்டின் தாயும் அதே அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். யாராவது ஒரு பிள்ளை ‘சரி’ என்று சொல்ல வேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல். தேவி யாருடைய வேண்டுதலைக் கேட்பாள்?

இரண்டாவது தாயைக் குறை கூறுவதற்கில்லை. அவள் அச்சம் அன்பிலிருந்து எழுந்தது. மகாபலியைத் தடுத்த சுக்கிராச்சாரியாரும் பகைவர் அல்லர்; அவன் நலம் நாடிய குருவே. வந்திருப்பவர் யார் என்பதை உணர்ந்து, கொடுக்காதே என்று எச்சரித்தார். தாரை வார்க்கும் நீர் விழாதபடி வண்டாகிக் கமண்டலத்தின் வாயை அடைத்தார் என்றும், அதனால் ஒரு கண்ணையே இழந்தார் என்றும் கதை வழங்குகிறது. அவ்வளவு தடுத்தும் மகாபலி மாறவில்லை. கொடுக்கிறேன் என்று சொன்ன சொல் வாயைவிட்டு வந்துவிட்டது. அதை நம்பி ஒருவர் கை நீட்டி நிற்கிறார். இனி மறுப்பது தானம் செய்யாமலிருப்பதைவிடப் பெரும் பிழை என்று அவன் கண்டான்.

மஜ்ஜை தானத்தில் இது வெறும் கதையாக நிற்பதில்லை. பொருந்தும் கொடையாளி சம்மதித்து நாளும் குறித்தபின், தானத்திற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே நோயாளிக்குக் கடுமையான மருந்துகள் செலுத்தப்படுகின்றன. கெட்டுப்போன பழைய மஜ்ஜையை அவை அழிக்கின்றன. அந்த நாட்களில் நோயாளியின் உடலில் பழைய ஊற்றும் இல்லை, புதிய ஊற்றும் இல்லை. ஒரு கரையை விட்டுவிட்டு மறுகரையை அடையாமல் நடு ஆற்றில் நிற்கும் நிலை அது. அப்போது கொடையாளி பின்வாங்கினால் அந்த உயிர் போய்விடக்கூடும். எந்தக் கட்டத்திலும் விலகும் உரிமையை மருத்துவ நெறி கொடையாளிக்கு அளிக்கிறது. அந்த உரிமையை எந்த வேளையில் பயன்படுத்துவது என்பதை அவனவன் தர்மமே கூற வேண்டும்.

எனவே பதிவேட்டில் இடும் கையொப்பம், கோயிலில் செய்யும் சங்கல்பத்திற்கு நிகரானது. உற்சாகத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கையொப்பமிட்டு, அழைப்பு வரும்போது தொலைபேசியை எடுக்காதிருப்பவர், பெற்ற நம்பிக்கையைப் பறித்தவராகிறார். இயலாது என்று முதலிலேயே கூறுபவர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. முறையைக் கேட்டறிந்து, வலியும் சிறிது இருக்கும் என்பதை உணர்ந்து, நன்கு சிந்தித்தபின் ‘சரி’ என்பவரே சிறந்தவர். அவர் வீட்டிற்கும் அன்றே சென்று தாய் தந்தையரிடமும் வாழ்க்கைத் துணையிடமும் எல்லாவற்றையும் விளக்கிவிடுவது நல்லது. அழைப்பு வரும் நாளில் முதன்முறையாகக் கேட்கும் தாய் அஞ்சுவாள். முன்பே அறிந்த தாயோ, மகனுக்குத் துணையாக மருத்துவமனைக்கு வருவாள். பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தாலும், சங்கல்பம் குடும்பம் முழுவதற்கும் உரியதாக வேண்டும்.

பலனைக் கருதாத கொடை

தானத்தின் வகைகளைப் பகவத்கீதையின் பதினேழாவது அத்தியாயம் விளக்குகிறது. கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, கொடுப்பது கடமை என்ற எண்ணத்துடன், உரிய இடத்தில் உரிய காலத்தில் தருவதே சாத்துவிக தானம். இந்த இலக்கணம் மஜ்ஜை தானத்திற்கு எவ்வளவு பொருந்துகிறது! கொடுப்பவர் யாரென்று பெறுபவருக்குத் தெரியாது; பெறுபவர் யாரென்று கொடுப்பவருக்கும் தெரியாது. இருவர் விவரங்களையும் பதிவேடு மறைத்து வைக்கிறது. குறிப்பிட்ட காலம் கடந்தபின், இருவரும் விரும்பினால் மட்டுமே சந்திக்க முடியும். நன்றி கூறவும் வழியில்லாத இடத்தில் செய்யப்படும் கொடை இது.

பதிவு செய்தவர்களில் மிகப் பலருக்கு அழைப்பு வராமலே போகும். அதனால் அவர்களுடைய சங்கல்பம் வீணாவதில்லை. இராமன் வருவான் என்று நாள்தோறும் வழியைத் தூய்மை செய்து காத்திருந்தாள் சபரி. அவன் வருவதற்கு முந்தைய நாட்கள் எதுவும் அவள் தவத்தில் வீண்போன நாட்கள் அல்ல. அழைப்பு வந்து கொடுத்தவருக்கும் ஒன்று நிச்சயமில்லை. புதிய மஜ்ஜையை ஏற்பதில் சிக்கல்கள் எழலாம், நோய் திரும்பலாம், அந்த நோயாளி பிழைக்காமலும் போகலாம். செயலில் மட்டுமே உரிமை, பலனில் இல்லை என்ற கீதையின் போதனையை இதைவிடத் தெளிவாக உணரும் இடம் அரிது.

பிழைத்தாலோ, ஓர் அற்புதம் நிகழ்கிறது. பெற்றவருடைய இரத்த வகையே நாளடைவில் கொடுத்தவருடையதாக மாறுகிறது. அவர் நாளங்களில் ஓடும் ஒவ்வொரு துளியும் வேறொருவர் எலும்பிலிருந்து வந்த ஊற்றின் பெருக்கு. ‘என் உடல், என் இரத்தம்’ என்று மனிதன் போட்டுவைத்த வேலி அங்கே தானாகவே சாய்ந்துவிடுகிறது. எல்லா உடல்களிலும் உறைவது ஒன்றே என்று உபநிடதங்கள் கூறும் உண்மையை, ஒரு சிறுவனின் உடல் சத்தமின்றி எடுத்துக்காட்டுகிறது.

நீலசந்திராவின் இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். ஒரே கடையில் காய்கறி வாங்கும்போது அருகருகே நின்றிருக்கலாம். ஒருத்தி அச்சத்தை வென்று, “போய் வா, அந்தப் பிள்ளையும் என் பிள்ளைதான்” என்று மகனின் நெற்றியில் திருநீறு இடும் அந்தக் காலைப் பொழுதில், இருவர் வேண்டுதலும் ஒன்றாகிவிடும். தேவி யாருடைய வேண்டுதலைக் கேட்பாள் என்ற கேள்வியும் அப்போது எஞ்சியிருக்காது.

ததீசி முனிவரிடம் தேவர்கள் வந்து கேட்டார்கள். இன்று கேட்பவர்கள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அவர்களுடைய குரல் தெருவரை வந்து எட்டுவதில்லை. கேளாமலே கேட்கும் செவியையும், கொடுத்த சொல்லைக் காக்கும் உறுதியையும் இறைவன் அனைவருக்கும் அருள்வானாக.